பிழைப்பும் படைப்பும்: ஓவியர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் கொள்ள நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களில் இம்முறை மதுரையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவையே மிகுதி. அவற்றிலிருந்து ஏழு கடிதங்களைத் தேர்ந்து, சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை சுவர் விளம்பரமும் கட் அவுட்டும் எழுதியவர். நானும் அவரிடம்தான் பிரஷ் பிடிக்கக் கற்றேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கணினியில் வடிவமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். அவ்வப்போது பள்ளிச் சுவர்களில் படம் எழுதும் வேலையும் வருகிறது. இரவில் எனக்கென்று வரைய உட்கார்ந்தால் தலைவர்களின் முகமும் சாமி படமும் தவிர வேறொன்றும் வரவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் ஓவியன் ஆக முடியுமா, ஐயா? (திருமங்கலம் வாசகர்)

நீங்கள் ஏற்கெனவே ஓவியர்தான். அதில் உங்களுக்கு ஐயமே வேண்டாம். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, எழுதுகிற முகத்தில் ஒரு சாண் அகலம் மட்டுமே கண்ணுக்கு எட்டும் நிலையில், கட்டம் போட்ட சிறிய புகைப்படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கீழே தெருவில் நிற்பவருக்கு உதட்டோரச் சிரிப்புச் சரியாகத் தெரியும்படி எழுதுகிற திறமை, கலைக் கல்லூரியில் நான்காண்டு படித்தவர்களிடம்கூட எளிதில் காணக் கிடைப்பதில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் அச்சு ஊர் ஊராகப் பரவியபோது, இந்தத் திறமையுள்ள எத்தனையோ பேர் பெயிண்ட் அடிக்கவும் ஆட்டோ ஓட்டவும் போய்விட்டார்கள். நீங்கள் இரவில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

கூலிக்கு எழுதிய கையிலிருந்து கலை வராது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் சிவகாசிக் காலண்டர்களுக்கு எழுதிக் கொடுத்த சாமி படங்கள் தென்னாட்டு வீடுகளின் பூசையறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கின. அந்தப் படங்களில் தெய்வத்தின் பின்னால் விலகி விலகிச் செல்லும் தூண் வரிசையையும், தொலைவில் வெளுத்துத் தெரியும் மலையையும் கவனித்துப் பாருங்கள். நாடகத் திரையில் பழகிய கை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

ஆனாலும் உங்களுக்கு நேர்ந்திருக்கும் தடை உண்மையானது, அதற்குக் காரணமும் உண்டு. கூலி வேலையில் படம் எப்படி முடிய வேண்டும் என்பது தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கொடுத்த புகைப்படத்தின் சாயல் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் வேலை முடிந்தது. இப்படிப் பல ஆண்டுகள் உழைத்த கை, முடிவு தெரியாத ஒன்றைத் தொடவே தயங்கும். வாடிக்கையாளர் எதிரில் இல்லாத இரவிலும் அவருக்குப் பிடித்ததையே எழுதும். ஆகவே முடிவு முன்கூட்டியே தெரியாத வேலையைக் கைக்குக் கொடுக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முகம் எழுதாதீர்கள். புகைப்படத்தையும் கைப்பேசியையும் பார்த்து எதையும் எழுதாதீர்கள். உங்களிடம் இருக்கும் அரை அங்குல ஃபிளாட் பிரஷ்ஷையும் ஒரு புட்டிக் கறுப்பு மையையும் மலிவான காகிதக் கட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.

எங்கே போவது என்று கேட்டால், இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று ஒத்தக்கடை. அங்கிருந்து யானைமலையை விடியும்போதும், உச்சி வெயிலிலும், சாயங்காலத்திலும் எழுதிப் பாருங்கள். காலையில் பாறையின் மடிப்புகளெல்லாம் நிழலாகப் பிரிந்து தெரியும். நண்பகலில் அதே மலை நிழலே இல்லாமல் தட்டையாகிவிடும். அப்போது அதைக் காகிதத்தில் நிறுத்துவதற்கு அதன் மேல்விளிம்புக் கோடு ஒன்றைத் தவிர வேறெதுவும் உங்களுக்குத் துணை வராது. இரண்டாவது மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. நனைத்த சாக்கின் மேல் குவித்த மல்லிகையை இரு கைகளாலும் அள்ளித் தராசில் இடும் வியாபாரியின் முழங்கை எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதை, அவர் அடுத்த ஆளுக்கு அள்ளத் தொடங்குவதற்குள் நீங்கள் காகிதத்தில் பிடித்தாக வேண்டும். சாயலைப் பற்றி நினைக்க அங்கே நேரமிருக்காது. தொடக்கத்தில் வருபவை மோசமாகத்தான் இருக்கும். அவற்றைக் கிழிக்காமல், தேதி போட்டு அடுக்கி வையுங்கள். சில காலம் யாரிடமும் காட்டவும் வேண்டாம்.

மேலும் ஒன்று. உங்கள் தந்தையின் எழுத்து என்னவாயிற்று? நிழல் விழுந்த மூன்று பரிமாணத் தமிழ் எழுத்துகள், இரட்டை விளிம்புக் கோடு, மளிகைக் கடைப் பலகையின் மஞ்சளும் சிவப்பும் ஆகியவை இன்னும் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் கிராமத்து டீக்கடைகளிலும் மிச்சமிருக்கின்றன. அவற்றை உள்ளிருந்து அறிந்தவர் நீங்கள். கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் அவற்றை எழுதினால் அது அவருக்கு வெளியிலிருந்து எடுத்த பொருள். உங்களுக்கு அது குடும்பச் சொத்து. மூன்று மாதம் கழித்து இரவில் உட்காரும்போது அங்கிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பென்சிலிலும் வண்ணத்திலும் உருவப்படங்கள் வரைந்து தருகிறேன். உறவினர்கள் இலவசமாகக் கேட்கிறார்கள். மற்றவர்கள் விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். என்ன விலை சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. (திருநகர் வாசகி)

சகோதரி, கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வதால்தான் இந்தத் தடுமாற்றம். விலையை அவர் வருவதற்கு முன்பே தாளில் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் தொழிலிலிருந்து மாதம் 24,000 ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் உழைத்தாலும் அதில் கூலி கிடைக்கும் நேரம் குறைவே. பேசுவது, பொருள் வாங்குவது, கட்டி அனுப்புவது, கற்றுக்கொள்வது எல்லாம் போக மாதத்தில் 80 மணி நேரம்தான் கூலிக்குரியது என்றால், ஒரு மணிக்கு 300 ரூபாய் ஆகிறது. 12 மணி நேரம் பிடிக்கும் உருவப்படத்துக்கு 3,600, காகிதம், வண்ணம் முதலியவற்றுக்கு 600, சட்டத்துக்கு 1,200, ஆகமொத்தம் 5,400 ரூபாய். இந்தத் தொகைகளை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முறையை மாற்ற வேண்டாம். இதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தை உங்கள் வீட்டுப் பணம்தான் கட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

உறவினர் விஷயத்தில் நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. முழு விலையை எழுதி, அதற்குக் கீழே சலுகையை எழுதி, அவர்கள் தர வேண்டியதை மூன்றாவதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இலவசமாகவே கொடுத்தாலும் முழு விலையை எழுதிய சீட்டு படத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும். தையற்காரரிடம் போய், நீங்கள் நன்றாகத் தைக்கிறீர்கள், ஆகையால் எனக்குச் சும்மா தைத்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கடையில் விலை எழுதித் தொங்குவதும் அதற்கு ஒரு காரணம்.

முன்பணமாகப் பாதித் தொகையை வாங்காமல் காகிதத்தைத் தொடாதீர்கள். எந்த அளவு, எந்த ஊடகம், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், எந்தத் தேதிக்கு முடியும் என்பவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவேனும் அனுப்பி, அவர்கள் சரி என்று பதில் எழுதிய பிறகே தொடங்குங்கள். மங்கலான கைப்பேசிப் படத்தைக் கொடுத்து இறந்துபோனவரின் முகத்தை எழுதச் சொல்பவர்களிடம் மட்டும் கூடுதல் பொறுமை காட்டுங்கள். அந்தப் படத்தில் கண் எப்படி இருந்தது என்பதை அவர்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய முடியும், அந்தப் பேச்சுக்கான நேரத்தையும் விலையில் சேர்க்கத் தயங்காதீர்கள். முகம் சுளித்துவிட்டுப் போகிறவர் போகட்டும். அவருக்காகக் குறைத்த விலைதான் அவருடைய நண்பர் உங்களிடம் வரும்போது தொடக்க விலையாகும்.

கேள்வி: என் விருப்பத்துக்கு வரைந்து முகநூலில் பதிவிட்ட வண்டியூர் தெப்பக்குள மைய மண்டப ஓவியத்தை, என்னைக் கேட்காமலே ஒரு கடை துணிப்பைகளில் அச்சிட்டு விற்கிறது. நான் பதிப்புரிமை பதிவு செய்யவில்லை. எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா? (கே.கே. நகர் வாசகர்)

இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை நீங்கள் வரைந்த அப்போதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கென்று வந்தால் பதிவு ஒரு சான்றாக உதவும். அந்த உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். முகநூலில் போட்டதால் கடைக்காரருக்கு அச்சிடும் அனுமதி கிடைத்துவிடாது.

முதலில் சான்றுகளைத் திரட்டுங்கள். மூல ஓவியம், அதற்கு முன் போட்ட முன்வரைவுகள், தேதியோடு கூடிய புகைப்படக் கோப்பு, பதிவின் தேதி ஆகியவற்றோடு, அந்தக் கடையில் ஒரு பையை ரசீதுடன் வாங்கி வையுங்கள். பிறகு, விற்பனையை நிறுத்தும்படியும் இதுவரை விற்றதற்கு உரிய தொகையைத் தரும்படியும் பதிவுத் தபாலில் நிதானமாக ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

கூலிக்கு வரைபவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மேலே உள்ள திருநகர் வாசகிக்கும் இது பொருந்தும். ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டபடி வரையப்படும் ஓவியத்திலோ உருவப்படத்திலோ, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் படத்தை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமென்றால் அதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதும் கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பின்னும் ஓவியரிடம் தங்கிவிடும் உரிமை ஒன்று உண்டு. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அது சிதைக்கப்பட்டால் எதிர்ப்பதும் 57-ஆம் பிரிவு தரும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் கழற்றப்பட்டுச் சேதமடைந்தபோது அவர் தொடுத்த வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வரைந்து சட்டமிட்டு மாட்டிய நீர்வண்ண ஓவியத்தில் ரோஜாச் சிவப்பு முழுவதும் வெளுத்துவிட்டது. வாங்கியவர் கேட்கிறார். என்ன காரணம்? (மேலூர் மாணவர்)

எல்லா வண்ணமும் ஒளியைத் தாங்குவதில்லை, தம்பி. குப்பியின் பெயரைப் பார்த்து வாங்காமல் அதன் மேல் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்று விற்கப்படுவதில் பி.ஆர்.83 என்ற குறியீடு இருந்தால் அது மெல்லிய பூச்சில் வெளுக்கும். மஞ்சள் காவி (பி.ஒய்.43), அல்ட்ராமரின் நீலம் (பி.பி.29) போன்றவை நெடுங்காலம் நிற்பவை. ஃப்ளோரசன்ட் வண்ணங்களை விற்பனைக்குரிய ஓவியத்தில் தொடவே வேண்டாம்.

உங்களிடமுள்ள எல்லா வண்ணங்களையும் ஒரு காகிதப் பட்டையில் வரிசையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த சன்னலில் மாசியிலிருந்து வைகாசி வரை வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். மதுரை வெயில் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்து தரும். இனி விற்பனைக்கு வரைவதைப் பருத்தியில் செய்த, அமிலமற்ற, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) காகிதத்தில் வரையுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வெளுத்துப்போன படத்துக்குப் பதிலாக வேறொன்றை வரைந்து கொடுத்துவிடுங்கள். அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகமாட்டார்.

கேள்வி: கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றேன். வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். மதுரையில் ஓவியம் வாங்குவோர் இல்லை, சென்னைக்குப் போய்விடு என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது? (செல்லூர் வாசகி)

சென்னைக்குப் போவதால் பயன் உண்டு. ஆனால் காட்டுவதற்கு ஒன்று கையில் சேர்ந்த பிறகு போவதே நல்லது. ஒன்றோடொன்று பேசுகிற பதினைந்து இருபது படைப்புகள் இல்லாமல் அங்கே குடியேறினால், வாடகை கட்டுவதற்கே உங்கள் நாள்கள் போய்விடும். அவற்றைச் செய்து முடிக்கச் செல்லூர் வீட்டு மாடி போதுமானது.

வீட்டார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அவர்களுக்கும் இதே கேள்விதான் எதிரில் நின்றது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். கைவினையால் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் சந்தையின் விருப்பத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். தென்னிந்திய நவீன ஓவியத்தின் முக்கியமான பல படைப்புகள் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை. இதில் எனக்குப் பிடித்தது, விற்க வேண்டியதையும் விற்பனையைப் பற்றி நினைக்கக் கூடாததையும் அவர்கள் தனித்தனியே வைத்திருந்தார்கள் என்பது.

நீங்களும் வாரத்தில் மூன்று நாள்களைச் சம்பாத்தியத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடி உங்கள் ஊரின் சொத்து. முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் போய், புதிய கோலங்கள் வரைந்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிகளில் வாரம் ஒருநாள் வகுப்பும் கிடைக்கும். மாத வரவைக் குறிப்பேட்டில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். தொகை சிறிதாயினும் ஒழுங்காக வருவதைக் கண்டால் அவர்களின் கவலை பாதியாகும். மற்ற நாள்களில் உங்கள் அறைக் கதவைத் தட்ட வேண்டாம் என்று அப்போது உரிமையோடு சொல்லலாம்.

18 முதல் 25 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை வழங்கும் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சிக்கும் படைப்புகளை அனுப்புங்கள். அதன் மண்டல மையம் சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கொச்சியில் 2012 டிசம்பரில் தொடங்கிய பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி அடுத்து நடக்கும்போது அவசியம் போய் வாருங்கள். மதுரையிலிருந்து ஓரிரவுப் பயணம்தான். உலகெங்குமுள்ள கலைஞர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பதற்கு அதைவிட அருகில் வேறு வாய்ப்பு இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வாரம் மூன்று அரைநாள் பள்ளி. மற்ற நேரத்தில் ஓவியத்துக்கான லோயர், ஹையர் என்னும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். எனக்காக வரைந்து ஓராண்டுக்கு மேலாகிறது. ஆர்வமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. (உசிலம்பட்டி வாசகர்)

போய்விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டீர்கள். உங்களிடம் குறைந்திருப்பது ஆர்வம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுவதும் மற்றவர்களின் கோட்டைத் திருத்திய கண்ணுக்கு, சாயங்காலத்தில் தன் கோட்டிலும் பிழை மட்டுமே தெரிகிறது. பல ஆசிரியர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகையால், பெரிய ஓவியம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மாணவர்களுக்குப் பானையையும் செம்பையும் வைத்து மாதிரி ஓவியம் நடத்தும்போது, கரும்பலகையை விட்டு இறங்கி அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, நீங்களும் அதே பானையை வரையுங்கள். திருத்துவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஆசிரியர் எப்படித் தயங்குகிறார், எங்கே கோட்டை மாற்றுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் மாணவன், திருத்திக் கொடுத்த கோட்டிலிருந்து கற்பதைவிட அதிகம் கற்பான். உங்களுக்கோ வாரத்தில் மூன்று ஓவியங்கள் சேரும்.

பள்ளி இல்லாத அரைநாள்களில் ஒன்றை மட்டும் எவருக்கும் விற்காதீர்கள். தேர்வுக்குத் தயார் செய்யச் சொல்லி யார் கேட்டாலும், அந்த நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அந்த அரைநாளில் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையடிவாரத் தாமரைக் குளத்தின் கரையில் உட்காரலாம். மேலே ஏறினால் செட்டிப்புடவில் பாறையைச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவம் இருக்கிறது. அந்த முகத்தின் விளிம்பு எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் தேடிப் பாருங்கள். சில இடங்களில் சிற்பி விளிம்பே போடாமல் விட்டிருப்பது வரையும்போதுதான் தெரியவரும். வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

விடுமுறையில் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 9-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடைவரைக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் எனப்பட்ட இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளமும், மீன்களும், யானைகளும், பூப்பறிக்கும் ஆண்களும் மங்கிய நிலையில் இன்னும் தெரிகிறார்கள். சுண்ணாம்பு வெள்ளை, கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களைக் கொண்டே பெரும்பாலானவை முடிக்கப்பட்டிருக்கின்றன. தாமரைத் தண்டைப் பிடித்திருக்கும் இளைஞனின் கைவிரல்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த விரல்கள் வளையும் விதத்தை நினைவிலிருந்து வரைந்து பார்க்க வேண்டும் என்று வீடு திரும்பும் பேருந்திலேயே உங்களுக்குத் தோன்றும். கைப்பையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.

பகுதிநேர ஊதியத்தில் குடும்பம் நடத்தும் உங்களிடம், நேரத்தை ஒதுக்குங்கள் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அறிவேன். அதனால்தான் ஒரே ஓர் அரைநாளை மட்டும் கேட்கிறேன்.

கேள்வி: என் படங்களைப் பார்க்கிற எல்லோரும் அருமை என்கிறார்கள், இன்ஸ்டாகிராமிலும் விருப்பக்குறிகள் குவிகின்றன. ஆனால் நான் வளர்கிறேனா என்பது தெரியவில்லை. (வத்தலக்குண்டு வாசகர்)

விருப்பக்குறி, படம் பிடித்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அங்கே தினமும் பதிவிட வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. முடிந்த படைப்பை மட்டும் போடுங்கள். வளர்ச்சியை அறிய, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தொழிலாக வரைகிற மூன்று நான்கு பேரைத் தேடிப் பிடித்து, மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுங்கள். உங்களைவிட வயதில் மூத்தவர் ஒருவரும், ஓவியமே வரையாத, ஆனால் நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அதில் இருப்பது நல்லது. படத்தைச் சுவரில் வைத்துவிட்டு, வரைந்தவர் கால்மணி நேரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் நன்று, தீது என்று சொல்லாமல், கண் முதலில் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எங்கே வழி தவறுகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்துக்கு, நீங்கள் பதிவிடத் தயங்கி ஒதுக்கி வைத்திருக்கும் படங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.